லோயர் விட்ட பிழைக்கு நான் ஏன் காசு கட்ட வேண்டும்?

(காணி, வீடு, உறுதி: வாசகர் கேள்விகளும் பதில்களும். பதில் சொல்பவர் பதுளையில் ஒரு நொத்தாரிசின், அதாவது காணி உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்தும் சட்டத்தரணியின், கந்தோரில் பல வருடம் உறுதி தட்டச்சு செய்தவர்.)

கேள்வி: ஐயா, பண்டாரவளையில் அப்பா வாங்கிய காணியை சர்வேயரை வைத்து 5 துண்டாகப் பிரித்தோம். அதில் 3ஆம் துண்டை, 12.4 பேர்ச்சஸ், 32 லட்சத்துக்கு விற்றோம். நொத்தாரிசைக் கூட்டிவந்தது வாங்கியவர்தான். இரண்டு வருடம் ஆகப்போகிறது. போன மாதம் நான் குடியிருக்கும் 5ஆம் துண்டை வைத்துக் கடன் எடுக்க பாங்குக்குப் போனேன். பாங்க் லோயர், "இந்தக் காணியத்தான் நீங்க வித்துட்டீங்களே அம்மா" என்கிறார். உறுதியில் 3 என்று இருக்க வேண்டிய இடத்தில் 5 என்று விழுந்திருக்கிறது. நொத்தாரிசிடம் ஓடினோம். முதலில் "சின்ன டைப்பிங் பிழைதானே, உறுதிய கொண்டு வாங்க, பேனாவால திருத்தி சீல் அடிச்சுத் தாரேன்" என்றார். அடுத்த கிழமை போனால், புதிதாக உறுதி எழுத வேண்டும், அவருடைய கட்டணம் மட்டும் 60,000 ரூபா, முத்திரை வரி வேறு என்கிறார். வாங்கியவர் நல்ல மனிதர்தான், ஆனால் இப்போது டுபாயில் வேலை. நான் என்ன செய்ய?
(வாசகி, பண்டாரவளை)

பதில்: அக்கா, முதல் காரியம்: அந்தப் பேனாவை உறுதிப் பக்கம் வர விடாதீர்கள். ஒரு உறுதி மூன்று பிரதியாக இருக்கிறது. மூலம் வாங்கியவர் கையில். இரட்டைப் பிரதி காணிப் பதிவகத்தில். இன்னொன்று நொத்தாரிசின் கோப்பில். வாங்கியவரின் பிரதியில் மட்டும் 5ஐ 3 ஆக்கினால் பதிவகத்தில் இருப்பது 5 ஆகவே இருக்கும், நாளைக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவன் யாரோ உறுதியில் கைவைத்திருக்கிறார்கள் என்றுதான் சொல்வான், அந்த "யாரோ" யார் என்ற கேள்வி வரும்போது நொத்தாரிசு உங்களைப் பார்ப்பார், நீங்கள் அவரைப் பார்ப்பீர்கள். கையெழுத்து வைத்து முடிந்த உறுதியில் திருத்தம் கிடையாது. டிப்பெக்ஸ் பூசி மேலே எழுதிய உறுதியைக்கூட நான் பார்த்திருக்கிறேன், அதை வைத்துக்கொண்டு கடன் கேட்கப் போனவரின் முகத்தையும் பார்த்திருக்கிறேன்.

இதற்கென்றே இருப்பது திருத்த உறுதி. விற்ற நீங்களும் வாங்கியவரும் சேர்ந்து, இன்ன திகதிய இன்ன இலக்க உறுதியின் அட்டவணையில், அதாவது காணியை விவரிக்கிற பகுதியில், துண்டு 5 என்று எழுதியது பிழை, விற்றதும் வாங்கியதும் துண்டு 3தான் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்து வைப்பது. காணி சம்பந்தப்பட்ட உறுதி என்பதால் 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டம் கேட்கிற அதே முறைதான்: எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னால் இருக்க வேண்டும். வாங்கியவர் இதற்காக டுபாயிலிருந்து வரத் தேவையில்லை. அங்கே இருக்கிற இலங்கைத் துணைத் தூதரகத்தில் வைத்து, இங்கே நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம், அதுதான் நம் ஆட்கள் "பவர்" என்று சொல்வது, எழுதி அனுப்பினால் போதும். அதை இங்கே பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிய வேண்டும். பவரில் "திருத்த உறுதியில் கையெழுத்திட" என்று சொல்லியே எழுதச் சொல்லுங்கள். பொதுவாக "என் காணி விடயங்களைப் பார்க்க" என்று எழுதி வந்தால் அது போதுமா போதாதா என்று இங்கே ஒரு மாதம் இழுப்பார்கள்.

இனிப் பலர் கோட்டைவிடுகிற இடம். உங்கள் விற்பனை காணிப் பதிவேட்டில் 5ஆம் துண்டுக்கென்று இருக்கிற பக்கத்தில், அதாவது ஃபோலியோவில், பதிவாகி இருக்கிறது. பாங்க் லோயர் பார்த்தது அதைத்தான். திருத்த உறுதியை 3ஆம் துண்டின் பக்கத்தில் மட்டும் பதிந்துவிட்டு வந்தால் உங்கள் வீட்டுப் பக்கத்தில் அந்தப் பழைய விற்பனை அப்படியே உட்கார்ந்திருக்கும். இரண்டு பக்கத்திலும் பதிய வேண்டும். பதிந்த பிறகு நீங்களே பதிவகத்துக்குப் போய் இரண்டு பக்கத்தையும் பார்த்து, பிரதியும் எடுத்து வாருங்கள். கட்டணம் கட்டினால் யாரும் பார்க்கலாம், லோயர்தான் பார்க்க வேண்டும் என்று சட்டமில்லை.

உறுதியை எடுத்து அட்டவணையை மட்டும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள், சிங்களத்தில் இருந்தால் தெரிந்த ஒருவரை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். துண்டு இலக்கம் பிழை, சரி. எல்லைகள் என்ன எழுதியிருக்கிறது? "வடக்கே துண்டு 2, தெற்கே துண்டு 4" என்று இருந்தால் அது 3ஆம் துண்டின் எல்லை. விஸ்தீரணம் 12.4 பேர்ச்சஸ் என்று இருந்தால் அதுவும் 3ஆம் துண்டு. அப்படியானால் அந்த ஒரு இலக்கம் மட்டும்தான் சறுக்கியிருக்கிறது என்பது யாருக்கும் விளங்கும், நாளை கோர்ட்டுக்குப் போனாலும் உங்கள் பக்கம் பலமாக இருக்கும். எல்லையும் விஸ்தீரணமும்கூட 5ஆம் துண்டினுடையதாக இருந்தால் கதை கொஞ்சம் கஷ்டம். அப்போது விற்பனை ஒப்பந்தம், முற்பணப் பற்றுச்சீட்டு, வாங்கியவர் 3ஆம் துண்டில் வேலி போட்டது, சோலவரி கட்டிய பற்றுச்சீட்டு என்று எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள்.

இந்தப் பிழை எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் செய்திருக்கிறேன். ஒரே காணியின் ஐந்து துண்டுக்கும் ஐந்து உறுதி எழுதும்போது முதல் உறுதியைத் திறந்து, பெயரை மாற்றி, விலையை மாற்றி, இலக்கத்தை மாற்ற மறந்து அச்செடுப்போம். ஒரு தடவை நான் 0 ரூட் 14 பேர்ச்சஸ் என்று அடிக்க வேண்டியதை 1 ரூட் 4 பேர்ச்சஸ் என்று அடித்துவிட்டேன். ஒரு ரூட் என்றால் 40 பேர்ச்சஸ். 14 பேர்ச்சஸ் காணி 44 ஆகிவிட்டது. நொத்தாரிசு ஐயா பார்க்கவில்லை, சாட்சிகள் வழக்கம்போல யன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்து பறித்துச் சேர்த்த காசில் வாங்க வந்த ஒரு அம்மா, எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்து, அந்த இடத்தில் விரலை வைத்து "தம்பி, இதுல ஒன்னுன்னு போட்டிருக்கே?" என்று கேட்டார். அன்றிலிருந்து துண்டு இலக்கம், விஸ்தீரணம், பிளான் இலக்கம் மூன்றையும் பிளானைப் பக்கத்தில் வைத்துச் சத்தமாக வாசிக்காமல் நான் எதையும் கையெழுத்துக்கு அனுப்பியதில்லை.

காசு விடயம். நொத்தாரிசு உங்களிடம் 60,000 கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நீங்கள் கேட்டது 3ஆம் துண்டுக்கு உறுதி, அவர் எழுதியது 5க்கு. அவருடைய பிழையைத் திருத்த அவருக்கு இரண்டாவது தடவை கட்டணமா? "புதிதாக உறுதி" என்று அவர் சொல்வதன் அர்த்தம் என்னவென்று முதலில் கேளுங்கள். வாங்கியவர் 5ஐ உங்களுக்குத் திருப்பி எழுதி, நீங்கள் அவருக்கு 3ஐ விற்று எழுதுவது என்றால் அது இரண்டு கைமாற்றம். காணி விற்பனைக்கு முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம். 32 லட்சத்துக்கு அது 1,27,000 ரூபா. திரும்பவும் அப்படிக் கட்டுவதா, அதுவும் இரண்டு தடவையா? திருத்த உறுதியில் புதிய விற்பனை எதுவும் இல்லை, விலை கைமாறவில்லை. யாராவது முழு விலைக்கு வரி கேட்டால் எந்தச் சட்டத்தின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் என்றதும் பல தொகைகள் குறைவதை நான் பார்த்திருக்கிறேன்.

"அவர் வாங்கினவர் கூட்டி வந்த நொத்தாரிசு, எனக்கு அவரைக் கேட்க உரிமை இருக்கிறதா" என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. நம் ஊரில் ஒரே நொத்தாரிசு இரண்டு பக்கத்துக்கும் உறுதி எழுதுவதுதான் வழக்கம், கட்டணத்தை வாங்குபவர் கொடுப்பார். ஆனால் 1907ஆம் ஆண்டு 1ஆம் இலக்க நொத்தாரிசுச் சட்டம் அவருக்குப் போட்டிருக்கிற கடமைகள் காசு கொடுத்தவருக்கு மட்டுமானவை இல்லை. உறுதியில் நீங்களும்தான் கையெழுத்து வைத்தீர்கள். காணிப் பதிவேட்டைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிற கடமைதான். "தேடத் தேவையில்லை" என்று தரப்பினர் எழுத்தில் சொன்னால்தான் அதிலிருந்து விலக்கு. அப்படி ஒரு வரி உங்கள் உறுதியிலேயே நைசாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல உறுதிகளில் இருக்கும், கையெழுத்து வைத்தவர்களுக்குத் தெரியாது.

எனவே அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சண்டைக் கடிதம் வேண்டாம். பிழை இன்னது, தெரியவந்த திகதி இன்னது, உங்கள் செலவில் திருத்த உறுதி எழுதிப் பதிந்து தாருங்கள், இத்தனை நாளைக்குள் பதில் வேண்டும் என்று பதிவுத் தபாலில். தபால் துண்டைப் பத்திரமாக வையுங்கள். அவர் மறுத்தால், நொத்தாரிசு என்ற முறையில் அவர் மேல் பதிவாளர் நாயகத்திடம் முறையிடலாம். சட்டத்தரணி என்ற முறையில் உயர் நீதிமன்றத்திடம் முறையிடலாம், ஏமாற்று, தொழில் முறைகேடு போன்றவற்றுக்கு அவரை இடைநிறுத்தவோ பெயரை நீக்கவோ 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. சட்டத்தரணிகள் சங்கத்துக்கும் எழுதலாம். ஆனால் ஒன்று அக்கா, இவை எல்லாம் அவரைக் கேள்வி கேட்கிற வழிகள். உங்கள் வீட்டுப் பக்கத்தில் இருக்கிற அந்தப் பிழையான பதிவை இவை எதுவும் அழிக்காது. அதை அழிப்பது திருத்த உறுதி மட்டும்தான், இல்லாவிட்டால் மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு. வாங்கியவர் நல்ல மனிதராக, உயிரோடு, உங்கள் போனை எடுக்கிறவராக இருக்கும்போதே அதை முடியுங்கள். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவருடைய வாரிசுகள் எல்லோரையும் தேடிக் கையெழுத்து வாங்க வேண்டும், அவர்களில் ஒருவர் "உறுதியில 5ன்னுதானே இருக்கு" என்றால் முடிந்தது.

நட்டஈடு கேட்கும் எண்ணம் இருந்தால் நாட்களை எண்ணிப் பாருங்கள். காலவரையறைச் சட்டத்தில் கவனக்குறைவால் வந்த நட்டத்துக்கு வழக்குப் போட 2 வருடம்தான். பிழை தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று யாராவது சொன்னால் நம்பி இருந்துவிடாதீர்கள், உறுதி எழுதிய நாளிலிருந்தே எண்ணி இந்தக் கிழமையே வேறொரு சட்டத்தரணியைப் பாருங்கள். கட்டணம் முடியாது என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு மலையகத்திலும் கிளைகள் உண்டு.

கேள்வி: ஹட்டனில் வீடு வாங்கி எட்டு மாதம். காசு முழுவதும் கொடுத்தாகிவிட்டது. உறுதியைக் கேட்டால் நொத்தாரிசு "பதிவுக்கு அனுப்பியிருக்கிறேன், வரும்" என்றே சொல்கிறார். பயமாக இருக்கிறது.
(வாசகர், ஹட்டன்)

பதில்: பயப்படுவதில் நியாயம் இருக்கிறது தம்பி. ஒரு மாதத்தில் எழுதிய உறுதிகளின் இரட்டைப் பிரதிகளை நொத்தாரிசு அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். எட்டு மாதம் எங்கே போனது?

அதைவிடப் பெரிய விடயம், பிரதி அனுப்புவது வேறு, உங்கள் உறுதியைக் காணியின் பக்கத்தில் பதிவது வேறு. 1927ஆம் ஆண்டு 23ஆம் இலக்க ஆவணப் பதிவுச் சட்டப்படி, உங்களுக்கு விற்றவர் அதே வீட்டை பிறகு இன்னொருவருக்குக் காசுக்கு விற்று, அந்த ஆள் உங்களுக்கு முன் பதிந்துவிட்டால், பிந்திய உறுதியாக இருந்தாலும் அவருக்குத்தான் முன்னுரிமை. அவர் மோசடியோ கூட்டுச் சதியோ செய்து அதைப் பெற்றார் அல்லது முந்திப் பதிந்தார் என்று நீங்கள் நிரூபித்தால்தான் தப்பலாம். பதியாத உறுதியோடு இருப்பது கதவு இல்லாத வீட்டில் படுப்பது மாதிரி. அதனால் நொத்தாரிசைப் போனில் கூப்பிடுவதை விட்டுவிட்டு, நாளைக்கே நுவரெலியா பஸ்ஸில் ஏறி மாவட்டக் காணிப் பதிவகத்துக்குப் போய் உங்கள் வீட்டுக் காணியின் பக்கத்தைப் பாருங்கள். உங்கள் பெயர் இருந்தால் நிம்மதி, உறுதியை மட்டும் கேட்டு வாங்கினால் போதும். இல்லாவிட்டால் அன்றைக்கே நேராக அவருடைய கந்தோருக்குப் போங்கள். அங்கேயும் மழுப்பினால் பதிவாளர் நாயகத்துக்கு எழுதுவதாகச் சொல்லுங்கள். சொன்னால் எழுதவும் வேண்டும்.

கேள்வி: தோட்டத்தில் எங்களுக்குக் கொடுத்த 7 பேர்ச்சஸ் வீட்டை விற்க ஒரு லோயரிடம் போனோம். 25,000 வாங்கிக்கொண்டு முத்திரைத் தாளில் எழுதிக் கொடுத்தார். வாங்கியவர் பதியப் போனால் பதிய முடியாது என்கிறார்கள். இப்போது அவர் எங்களிடம் காசைத் திருப்பிக் கேட்கிறார்.
(வாசகர், மஸ்கெலியா)

பதில்: உங்கள் கையில் இருப்பது என்ன தாள் என்பதுதான் கேள்வி, கடிதத்தில் அதை எழுதவில்லை. வீடு கட்டிக் கொடுத்ததற்கான கடிதமா, உங்கள் பெயரில் உறுதியா, அரசாங்கம் கொடுத்த அளிப்புப் பத்திரமா? வெறும் கடிதம் என்றால் காணி இன்னும் உங்களுடையதாக ஆகவில்லை. உங்களிடம் இல்லாததை எந்த லோயராலும் விற்க முடியாது. அளிப்புப் பத்திரம் என்றால் அதன் நிபந்தனைகளைப் படியுங்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியாக இருந்தால் பிரதேச செயலாளரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது, நொத்தாரிசு அப்படி ஒரு உறுதியை அத்தாட்சிப்படுத்தவே கூடாது. அது தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விடயம். தெரிந்தும் 25,000 வாங்கியிருந்தால் அதைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

200 வருடம் அந்த மண்ணில் உழைத்துவிட்டு 7 பேர்ச்சஸுக்குத் தாள் இருக்கிறதா என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம், அதை இன்னொரு நாள் பேசுவோம். இப்போதைக்கு வாங்கியவரின் காசைச் செலவழிக்காமல் வைத்திருந்தால் திருப்பிக் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு அந்த 25,000ஐ லோயரிடம் எழுத்தில் கேளுங்கள். அவர் பற்றுச்சீட்டு தரவில்லை என்றால், காசு கொடுத்தபோது கூட இருந்தவர் யார் என்று யோசித்து வையுங்கள்.

கேள்வி: என் அண்ணன் லண்டனில் வீட்டை விற்றார். அவருடைய சொலிசிட்டர் பாங்குக்கு அடமானக் கடனை அடைக்கும் தொகையைப் பிந்தி அனுப்பியதால் மேலதிக வட்டி விழுந்தது. அங்கே யாரிடம் சொல்வது?
(வாசகி, நுவரெலியா)

பதில்: அங்கே வழி கொஞ்சம் நேரானது. விற்பவருக்கு ஒரு சொலிசிட்டர், வாங்குபவருக்கு ஒரு சொலிசிட்டர் என்று தனித்தனி ஆள் இருப்பதுதான் வழக்கம், அதனால் "நீ யாருடைய ஆள்" என்ற நம் ஊர்ச் சண்டை இல்லை. அண்ணா முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். அவர்களுக்கு 8 கிழமை அவகாசம். பதில் திருப்தி இல்லை, அல்லது பதிலே இல்லை என்றால் லீகல் ஒம்புட்ஸ்மன் என்ற அமைப்புக்குப் போகலாம், முறைப்பாடு செய்பவருக்குச் செலவில்லை. நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்து 6 மாதத்துக்குள்ளும், பிழை நடந்து அல்லது தெரியவந்து ஒரு வருடத்துக்குள்ளும் போக வேண்டும். இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். வட்டி எவ்வளவு, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்று பாங்கிடம் ஒரு தாள் வாங்கி முறைப்பாட்டோடு இணைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மாவின் அடையாள அட்டையில் "ராமாயி", உறுதியில் "ராமாய்". நொத்தாரிசு "அதெல்லாம் பரவாயில்லை" என்கிறார். பரவாயில்லையா?
(வாசகர், தலவாக்கலை)

பதில்: பரவாயில்லை என்று அவர் சொல்வது அவருக்கு. பிறப்பைப் பதியும்போது தோட்டத்துக் கிளாக்கர் காதில் விழுந்ததை எழுதினார், அதைப் பார்த்து இன்னொருவர் சிங்களத்தில் எழுதினார், அதைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதினார்கள், இப்படி ஒரே அம்மாவுக்கு மூன்று பெயர் இருக்கிற வீடுகள் மலையகத்தில் எத்தனையோ. ஒரு எழுத்து வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் "இந்த இரண்டு பெயரும் என்னையே குறிக்கும்" என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி போதும், அடையாள அட்டை இலக்கம் உறுதியில் சரியாக இருந்தால் இன்னும் நல்லது. அந்த இலக்கமும் பிழை என்றால் மேலே பண்டாரவளை அக்காவுக்குச் சொன்ன திருத்த உறுதிதான். எதுவானாலும் அம்மா கையெழுத்து வைக்கக்கூடிய நாளிலேயே செய்யுங்கள். கைரேகை என்றாலும் பரவாயில்லை, நொத்தாரிசு உறுதியை அம்மாவுக்குத் தமிழில் வாசித்து விளக்கிய பிறகு.